இரவின் நீளமும் கால்நடைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியும்

ஆனி மாதத்தில் பகல் நீண்டிருப்பதையும் மார்கழியில் இரவு நீண்டிருப்பதையும் நாம் அனைவரும் அறிவோம். அந்த மாறுதல் பிராணிகளின் உடலுக்குள்ளும் ஒரு மாறுதலை உண்டாக்குகிறது என்பதைப் பலர் அறியார். முள்ளிப்பட்டிலும் ஆரணியைச் சுற்றியுள்ள பிற ஊர்களிலும் தறியோடு இரண்டு ஆடோ ஒரு பசுவோ வைத்துப் பேணும் குடும்பங்களுக்குப் பயன்படும் செய்தியாதலின், இதனை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

நமக்குப் பழக்கமான பட்டுப்புழுவையே முதலில் பார்ப்போம். வெண்பட்டு இனங்களில், தாய்ப்பூச்சி முட்டைக்குள் கருவாக இருந்த காலத்துப் பட்ட வெப்பமும் வெளிச்சமும் பிற்பாடு வேலை செய்கின்றன. அது இடும் முட்டைகள் உடனே பொரிக்குமா, நெடுநாள் உறங்கிக் கிடக்குமா என்பதை அவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

பாலூட்டிகளில் பருவத்தை உடலுக்கு அறிவிப்பது மூளையில் அமைந்த பீனியல் என்னும் சிறு சுரப்பி. அது மெலடோனின் என்ற ஹார்மோனை இருளில் சுரக்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்புக் குறைந்துவிடும். இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழுவினர் இப்பொருளை மாடுகளின் பீனியல் சுரப்பிகளிலிருந்தே பிரித்தெடுத்தனர்.

நோய் எதிர்ப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பை நம் நாட்டில் விரிவாக ஆராய்ந்தவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்து விலங்கியல் பேராசிரியை சந்தனா ஹல்தார். அவர் குழுவினர் எடுத்துக்கொண்ட பிராணி வடநாட்டு ஐந்துவரி அணில். பீனியல் சுரப்பியை நீக்கிய அணில்களில், நோயை எதிர்க்கும் அணுக்கள் வளரும் தைமஸ் சுரப்பியும் மண்ணீரலும் தளர்ந்தன. இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. மெலடோனினை ஊசி மூலம் செலுத்தியபோது அந்நிலை சீர்ப்பட்டது. இயற்கையிலும், இனப்பெருக்கம் ஓங்கிய பருவத்தில் அணிலின் எதிர்ப்புச் சக்தி தாழ்ந்தும், அது ஓய்ந்த பருவத்தில் உயர்ந்தும் இருக்கக் கண்டனர். உடலின் வருவாய் ஒன்றே, செலவோ இரண்டு. குட்டி ஈனுவதற்கும் நோயைத் தடுப்பதற்கும் அதனைப் பங்கிட வேண்டியிருக்கிறது. தீனி குறைந்து குளிர் வாட்டும் காலத்தில் உயிரைக் காப்பதே முதற் செலவாகிறது. வெள்ளாடுகளிலும் அவர்கள் இத்தகைய பருவ மாறுதலை ஆராய்ந்துள்ளனர்.

அப்படியாயின் இரவை வெளிச்சத்தால் குலைத்தால் என்னாகும்? அமெரிக்காவில் ஹாம்ஸ்டர் என்னும் எலியினப் பிராணிகளை இரவெல்லாம் மங்கிய வெளிச்சத்தில் வைத்து 2011ஆம் ஆண்டில் ஆராய்ச்சி முடிவொன்றை வெளியிட்டனர். அவற்றின் எதிர்ப்புச் சக்தி குன்றியிருந்தது.

ஆனால் இதனை அளவோடு கொள்ள வேண்டும். காசியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் மூன்று மணி நேரம் வேறுபாடு உண்டு. ஆரணிப் பக்கத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. மேலும், நோய் பருவத்தைப் பற்றி வருவதற்கு வேறு காரணங்களும் உள. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையின்போது செம்மறியாடுகளை நீலநாக்கு நோய் தாக்குவதற்கு, அம்மழையில் பெருகும் சிறு கடிபூச்சிகளே அதைப் பரப்புவது முக்கிய காரணம். இரவு நீண்டிருக்கிறது என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது பெரும் பிழையாகும்.

எனவே நாம் செய்யத்தக்கவை எளியன. வேலை முடிந்ததும் கொட்டகை விளக்கை அணைத்துவிடுக. இரவில் தறி ஓடும் வீடாயின், அவ்வெளிச்சம் ஆடுமாடுகளின் மேல் விழாதபடி சாக்குப் படுதா கட்டுக. முட்டைக்காகக் கோழிக்குக் கூடுதல் வெளிச்சம் தருவோர், தொடர்ந்த இருளும் சில மணி நேரம் கிடைக்கச் செய்க. கொசுவை விரட்ட விளக்கை எரியவிடுவதைவிட, கொட்டகையில் சாணமும் நீரும் தேங்காமல் வைத்துக்கொள்வது மேல். தடுப்பூசியை உரிய காலத்தில் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்க. மெலடோனின் மருந்தை வாங்கித் தாமே கொடுக்க எவரும் முற்பட வேண்டாம்.

நல்ல தீனியும் நல்ல நீரும் கால்நடைக்குத் தேவை என்பதை நாம் மறப்பதில்லை. அவற்றோடு இருளையும் சேர்த்துக்கொள்வோம். அதற்குக் காசு செலவில்லை.