ரத்தக்கட்டு வேறு, ரத்த உறைவு வேறு!

மெக்கானிக்கல் படிப்பவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பம்ப்பும் வால்வும் பைப்லைனும் நம் பாடம்தானே! அந்த உரிமையில் எழுதுகிறேன். சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு.

சூளகிரியில் இருக்கும் என் பெரியப்பா மகன் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர். பைக்கிலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டோடு ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் கிடந்தார். கட்டைப் பிரித்த சில நாளில் அந்தக் காலின் கெண்டைச்சதை வீங்கியது. தொட்டால் சூடு, நடந்தால் வலி. "ரத்தம் கட்டிக்கிச்சுப்பா, வேற ஒண்ணுமில்ல" என்று பாட்டி மூசாம்பரத்தைக் குழைத்துப் பற்றுப் போட்டார். நல்லெண்ணெய் தடவி நீவியும் விட்டார். ராத்திரிக்குப் பூண்டுப் பால். நாலாம் நாள் மாடிப்படி ஏறிய அண்ணனுக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது. மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தியது. பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலில் உறைந்திருந்த ரத்தத்தில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்திருந்தது! எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு சொல் செய்த குழப்பம் இது. அடிபட்ட இடத்தில் ரத்தம் குழாய்க்கு வெளியே கசிந்து, தோலுக்கடியில் கன்றிப்போவது ரத்தக்கட்டு. அதற்கு மூசாம்பரமோ மஞ்சள், புளிப் பற்றோ போடுவது நம் வீட்டு வழக்கம். பெரும்பாலும் அது தானாகவே கரைந்துவிடும். ரத்த உறைவு என்பது குழாய்க்கு உள்ளேயே, ஆழத்திலுள்ள சிரையில் ரத்தம் கட்டியாகி நிற்பது. அங்கே பற்று எட்டாது. நீவினாலோ கட்டி பிய்ந்து நகரக்கூடும்.

ஏன் உறைகிறது? 1856-ல் இதை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் மூன்று காரணங்களைச் சொல்வார்கள். ஓட்டம் மந்தமாவது, குழாய்ச் சுவர் அடிபடுவது, ரத்தமே சுலபமாக உறையும் நிலைக்கு வருவது. காலிலிருந்து ரத்தம் மேலே ஏற கெண்டைச்சதைதான் பம்ப். சிரைக்குள்ளே நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் பார்க்கிற மாதிரியே நான்-ரிட்டர்ன் வால்வுகள்! சதை சுருங்கும்போதெல்லாம் ரத்தம் ஒரு படி மேலே போகும். மாவுக்கட்டுக்குள் பம்ப் நின்றுவிடுகிறது. பெரிய ஆபரேஷன், பிரசவம், புற்றுநோய், சில கருத்தடை மாத்திரைகள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

அடையாளம் என்ன? முக்கியமாக ஒரே காலில் வீக்கம். ஷிப்ட் முழுக்க நின்று இரண்டு காலும் ஒன்றுபோல் கனப்பது பெரும்பாலும் வேறு விஷயம். நமக்குத்தான் அளக்கத் தெரியுமே, டேப்பை எடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு காலின் சுற்றளவையும் பாருங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் என்றால் டாக்டர்களே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். குறைவாக இருந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. வலி, சூடு, சிவப்பு இருந்தால் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சுக்குத்து, இருமலில் ரத்தம், மயக்கம் என்று வந்தால் யோசிக்காமல் 108.

சரி, மூலிகை? பூண்டு வெறும் கதை அல்ல. அதை நசுக்கும்போது உண்டாகும் பொருளிலிருந்து வரும் அஜோயீன், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது என்று 1984-ல் கண்டறிந்தார்கள். முழுப் பல்லைப் பாலில் கொதிக்க வைத்தால் அந்த வேலையைத் தொடங்கும் நொதியே கெட்டுப்போகிறது என்பது வேறு விஷயம்! இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் ஆய்வுக்கூடத்தில் இதே மாதிரி குணம் தெரிகிறது. ஆனால் தமனியில் வரும் கட்டியில்தான் தட்டணு அதிகம். கால் சிரையில் வருவது பெரும்பாலும் ஃபைப்ரின் என்ற நார் வலையில் சிவப்பணுக்கள் சிக்கிய கட்டி. ரசத்தில் பூண்டு தாராளமாகச் சேருங்கள், நல்லதுதான். வந்துவிட்ட கட்டியை அது கரைக்காது.

செடி வழியாகவே கிடைத்த மருந்து ஒன்று உண்டு. 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த ஸ்வீட் க்ளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி செத்த பசுவையும் உறையாத ரத்தத்தையும் பனிப்புயலில் கொண்டுவந்து காட்ட, கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு 1939-ல் காரணப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக வந்து, 1954-ல் மனிதருக்கும் மருந்தானது. அளவில்தான் சூட்சுமம்! அதனால்தான் இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை. 1990-ல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் முதன்முதலாகப் பொருத்திய இந்திய உலோக இதய வால்வு பற்றிப் படித்திருப்பீர்கள். அதுபோன்ற வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க இந்த வகை மாத்திரைதான் சாப்பிட வேண்டும்.

அண்ணனுக்கும் இந்த வகைதான் கொடுத்தார்கள். "கூட இதையும் போடுறா கண்ணு, சீக்கிரம் ஆறும்" என்று பாட்டி பூண்டு கேப்சூலும் மஞ்சள் கேப்சூலும் சேர்த்துத் தர, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் நன்றாகத் திட்டினார். முருங்கைக்கீரை எதிர்ப்பக்கம். அதிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும். கீரையை விட வேண்டாம், வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும் என்றார். நாட்டு மருந்து எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

உட்கார்ந்தே பயணம் செய்வதும் கவனிக்க வேண்டியதுதான். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் போனால் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான், பயப்பட வேண்டாம். தண்ணீர் குடித்து, குதிகாலை ஏற்றி இறக்கினால் பம்ப் ஓடும். அண்ணன் இப்போது சென்னை பஸ் வேலூரில் நின்றால் இறங்கி நடக்கிறார். பாட்டியின் டப்பாவில் மூசாம்பரம் இன்னும் இருக்கிறது, அடிபட்டுக் கன்றினால் போடுவதற்கு.