பயன்தீர்ந்த அணு எரிபொருளும் வழிப்பயண ஆபத்தும்

அணு உலையில் சில ஆண்டுகள் பயன்பட்டு வெளிவரும் யுரேனியக் கோல்கள் முதலில் நீர்த்தொட்டியில் வைத்துக் குளிர்விக்கப்படுகின்றன. பின்னர்ப் பல நாடுகளில் அவற்றை இரயிலிலும் லாரியிலும் கப்பலிலும் வேறிடம் கொண்டுசெல்கின்றனர். வழியில் விபத்து நேர்ந்தால் என்னாகும்? எவரேனும் திட்டமிட்டுத் தாக்கினால் என்னாகும்? இரண்டும் ஒரே கேள்வி எனப் பலர் கருதுவர். அவ்வாறன்று.

முதற் கேள்விக்குச் சோதனையால் விடை காணலாம். கொள்கலத்தை 9 மீட்டர் உயரத்திலிருந்து கடினமான தளத்தின்மேல் விழச் செய்தல், 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தல் ஆகியன பன்னாட்டு அணுசக்தி முகமையின் விதிகளில் உள்ளவை. இங்கிலாந்தில் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். 1984 ஜூலை 17 அன்று ஓல்டு டால்பி சோதனைத் தடத்தில், ஓட்டுநரில்லாத டீசல் எஞ்சினையும் மூன்று பெட்டிகளையும் மணிக்கு 100 மைல் வேகத்தில் விட்டு, ஏறத்தாழ 48 டன் எடையுள்ள எஃகுக் கொள்கலத்தின்மீது மோதச் செய்தனர். எஞ்சின் நொறுங்கிற்று, கொள்கலத்தின் உள்ளழுத்தம் மிகச் சிறிதளவே குறைந்தது. கண்கொள்ளாக் காட்சிதான்! ஆயினும் அது விபத்தைப் பற்றியது மட்டுமே.

விபத்துக்கு நோக்கம் கிடையாது, பகைவனுக்கு உண்டு. எத்தனை இலட்சம் மைலுக்கு ஒரு மோதல் என்று பழைய கணக்குகளிலிருந்து கூறிவிடலாம். பகைவனோ இடத்தையும் நேரத்தையும் கருவியையும் தானே தேர்ந்துகொள்வான். காவல் எங்கே மெலிந்துள்ளதோ அங்கேயே வருவான். ஆதலின் தாக்குதல் நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று எண் இடுவதைவிட, நடந்தால் எவ்வளவு கதிரியக்கப் பொருள் வெளியேறும் என்று ஆராய்வதே பயன் தரும்.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தார் 1970களில் இவ்வாறே ஆராய்ந்தனர். நெரிசலான நகரில் நேரக்கூடிய கேடு அஞ்சத்தக்கதாய்த் தோன்றவே, 1979-இல் முன்னனுமதி பெற்ற வழித்தடம், காவலர் துணை முதலிய விதிகள் வந்தன. பின்னர் வெடிபொருள்கொண்டு சோதித்தபோது கொள்கலம் துளைபட்டது. எனினும் வெளிப்பட்ட நுண்தூள் முன்பு கருதியதைவிட மிகக் குறைவாயிருந்தது.

திருட்டு அச்சமோ சற்று வேறானது. காப்பின்றி அண்டுபவன்மீது சில நிமிடங்களிலேயே உயிர்போக்கும் அளவுக்குப் பாயத்தக்க கதிர்வீச்சே கோல்களுக்கு வேலியாகிறது. ஆனால் அவ்வேலிக்குக் காரணமான சீசியம்-137, முப்பது ஆண்டுகளில் பாதியாகிவிடும். திருடன் நாடும் புளூட்டோனியம்-239 பாதியாகவோ 24,000 ஆண்டுகள் ஆகும். குளிர்வித்துக் காத்திருந்தால் சிதறும் கேடு குறையும், வேலியும் தேயும்.

2006-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகக் குழுவொன்று இப்போக்குவரத்தை ஆராய்ந்தது. உரிய விதிகளின்படி நடத்தினால் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை என்றது. தாக்குதலைப் பற்றி மட்டும், தகவல்கள் மறைபொருளாய் இருந்தமையால் முழுமையாக ஆராய இயலவில்லை எனக் கூறி, பெருமளவில் அனுப்பத் தொடங்குமுன் சார்பற்ற அறிஞர்கள் அதனைத் தனியே ஆராயவேண்டும் என்று பரிந்துரைத்தது.