அமெரிக்க தேசியப் பூங்காக்கள்: பாஸும் கட்டணமும் – முழுமையான வழிகாட்டி

சயான், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி என்று விடுமுறைப் பட்டியல் போட்டாயிற்றா? விமான டிக்கெட் பார்த்த கையோடு, பூங்கா வாசலில் என்ன கேட்பார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். நுழைவுக் கட்டணம் ஒரு கணக்கு. உள்ளே போனபின் வருவது வேறு கணக்கு. இரண்டையும் கலக்காமல் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எதற்குக் கட்டணம்?

தேசியப் பூங்காத் துறையிடம் 400க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் நுழைவு இலவசம். மேலே சொன்னவை போன்ற பெரிய பூங்காக்களில் கார் ஒன்றுக்கு 35 டாலர். ஏழு நாள் செல்லும். காரில் இருவர் வந்தாலும் ஐவர் வந்தாலும் அதே தொகைதான். இந்த வசூலில் 80 விழுக்காடு அந்தப் பூங்காவின் பராமரிப்புக்கே போகிறது என்பதால் மனசு வலிக்காமல் கொடுக்கலாம்.

யாருக்கு எந்த பாஸ்?

ஒவ்வொரு வாசலிலும் பணம் கட்டாமலிருக்க ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ ஆண்டு பாஸ் இருக்கிறது. தேசியப் பூங்காக்களோடு மத்திய அரசின் வனங்கள், வனவிலங்குக் காப்பகங்கள் என ஆறு துறைகளின் இடங்களிலும் இது செல்லும்.

அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு விலை 80 டாலர். மாநில ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு போன்ற அரசு அடையாள அட்டையைக் காட்டவேண்டும். 62 வயது நிறைந்த குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் ஆண்டு பாஸ் 20 டாலர். ஆயுள் பாஸ் 80 டாலர். கிரீன் கார்டு வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு, யோசிக்காமல் ஆயுள் பாஸே வாங்கிவிடலாம். நிரந்தர மாற்றுத்திறன் உள்ள குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் ஆயுள் பாஸ் இலவசம். வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த ஆண்டு குடும்பத்துக்கே யோகம்: பிள்ளைக்குத் தரும் இலவச பாஸில் காரே உள்ளே போய்விடும்.

சுற்றுலா விசாவில் வந்தால்?

இங்கேதான் 2026 ஜனவரி முதல் விதி மாறியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர். அது இல்லாமல் யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், சயான் உள்ளிட்ட 11 பூங்காக்களுக்குப் போனால், வழக்கமான கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதல். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது இல்லை. ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துப் போகிறோம் என்றால், அந்தப் பூங்காவின் இணையதளத்தில் இந்த விதியை முழுதாகப் படித்த பிறகே கிளம்புவோம்.

எது லாபம்?

உள்ளூர்க் குடும்பம் சயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் மூன்றுக்கும் போனால் வாசல் கட்டணம் 105 டாலர், பாஸ் 80. ஒரே பூங்காதான் என்றால் பாஸ் வேண்டாம். காரில் தனியாக வரும் வெளிநாட்டவருக்கு, அந்த 11இல் இரண்டைப் பார்த்தாலே 270 டாலர் ஆகிவிடும். அங்கேயும் பாஸ்தான் மலிவு.

எப்படி வாங்குவது?

ரெக்ரியேஷன்.கவ் என்ற அரசு இணையதளத்தில் டிஜிட்டல் பாஸ் கிடைக்கும். பல வாசல்களிலும் வாங்கலாம். ஆனால் பணத்தாள் வாங்காத பூங்காக்கள் பல, கார்டு கையில் இருக்கட்டும். டிஜிட்டல் பாஸை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். மலை வாசலில் சிக்னலை நம்ப முடியாது.

எச்சரிக்கை

பாஸ் என்பது வாசலோடு சரி. கூடாரமடிக்கும் இடத்துக்குத் தனிக் கட்டணம், தனி முன்பதிவு. யோசெமிட்டியின் ஹாஃப் டோம் உச்சிக்கு ஏற லாட்டரி: விண்ணப்பத்துக்கு 10 டாலர், இடம் கிடைத்தால் ஆளுக்கு இன்னொரு 10. கிடைக்காவிட்டால் விண்ணப்பப் பணம் திரும்பாது. மாநிலப் பூங்காக்களில் இந்த பாஸ் செல்லாது.

கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா தனி ரகம். அதன் முக்கியச் சாலையை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோதே, சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று டென்னசி மாநிலம் நிபந்தனை போட்டுவிட்டது. அதனால் நுழைவு இலவசம். ஆனால் 2023 முதல், 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்தினால் நாளுக்கு 5, வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40 டாலர் பார்க்கிங் கட்டணம். 80 டாலர் பாஸைக் காட்டினாலும் அது தள்ளுபடி ஆகாது.

வாங்கும் தேதியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆண்டு பாஸ், அடுத்த ஆண்டு அதே மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். ஜூலை முதல் வாரம் வாங்கினால் அடுத்த ஜூலை 31 வரை, இரண்டு கோடை விடுமுறைக்கு ஒரே பாஸ்.