சோறும் விலையும்: தொ. பரமசிவனின் உணவாய்வு நெறி

தொ. பரமசிவன் (1950–2020) கோயிலாய்வாளராகவே கல்விப்புலத்தில் பெரிதும் அறியப்பட்டவர். பாளையங்கோட்டையில் பிறந்த அவர் இளையான்குடியிலும் மதுரைத் தியாகராசர் கல்லூரியிலும் தமிழ் பயிற்றுவித்தார். பின்னர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக விளங்கினார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடான 'அழகர் கோயில்' 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஆயினும் உப்பு, எண்ணெய், உரல், உலக்கை எனப் புழங்குபொருள்களைப் பற்றி 'அறியப்படாத தமிழகம்' நூலில் அவர் எழுதிய சிறு கட்டுரைகளே இன்று மிகுதியாக எடுத்தாளப்படுகின்றன. அடிக்குறிப்புகளின் சுமையின்றி எழுதப்பட்ட அக்கருத்துகள், பின்வந்த ஆய்வேடுகளில் முடிந்த முடிபுகளாகவே இடம்பெறுகின்றன. அவற்றைச் சான்றாகக் கொள்வதா, கருதுகோளாகக் கொள்வதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

'அழகர் கோயில்' ஆய்வேட்டில் அவர் கோயிலைக் கருவறையிலிருந்து நோக்கவில்லை. அதனை நாடி வரும் கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகியோர் பக்கமிருந்து நோக்கினார். பெரியாரியப் பற்றுடைய ஒருவர் வைணவக் கோயிலை ஆராய்ந்தது முரணாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால், அவரது நாட்டம் இறைமையியலில் இல்லை, வழக்காற்றில் இருந்தது. அதே நோக்கைத்தான் அவர் அடுக்களைக்கும் கொண்டு சென்றார்.

உப்பு பற்றிய பகுதி இதற்குத் தக்க சான்று. இறந்தார்க்குப் படைக்கும் உணவில் உப்புச் சேர்க்காத வழக்கத்தை, அவரோடு கொண்ட உறவை அறுத்துக்கொள்ளும் குறியீடாக அவர் விளக்குகிறார். உப்பிட்டவரை நினைக்கச் சொல்லும் பழமொழியின் மறுதலையாகவே இச்சடங்கு அமைகிறது. இங்குச் சடங்கும் வாய்மொழியும் ஒன்றையொன்று தாங்குவதால் விளக்கம் வலுப்பெறுகிறது. சம்பளம் என்னும் சொல்லை நெல்லோடும் உப்போடும் இணைத்து அவர் கூறும் சொற்பிறப்பு அத்தகையது அன்று. வழிப்பயண உணவைக் குறிக்கும் 'சம்பல' என்னும் வடசொல்லையும் ஒப்பிட்டு நோக்காமல் அதனை ஏற்றல் இயலாது. (எவ்வழியில் சென்றாலும் அச்சொல் உணவிலேயே போய் நிற்கிறது என்பது வேறு.)

அவருடைய கருத்துகளுள் மிகுந்த ஆய்வுக்கு உரியது, பண்டைத் தமிழர் சோற்றை விற்பனைப் பொருளாகக் கருதவில்லை என்பதும், சோறு விற்கும் வழக்கம் விசயநகர ஆட்சிக் காலத்திலேயே பரவியது என்பதும் ஆகும். இதனை மறுப்போர் மதுரைக்காஞ்சியை எடுத்துக்காட்டக்கூடும். நள்ளிரவில் உறங்கும் அப்ப வணிகரான கூவியர் அதில் வருகின்றனர். சிலப்பதிகாரப் புகார் நகரிலும் கூவியர் உள்ளனர். எனவே சமைத்த உணவு விலைக்குக் கிடைத்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால், அதே மதுரைக்காஞ்சியின் சொல்லாட்சியை ஊன்றி நோக்க வேண்டும். பண்ணியங்களைத் தழுவித் திரிவோரை அது 'விலைஞர்' என்கிறது. பலாச்சுளை, மாங்கனி, ஊன்சோறு முதலியவற்றை நுகரும் இடத்தைக் கூறும்போது, சோறு அளிப்போரைத் 'தருநர்' என்கிறது. இப்பகுதியை அக்கால உணவுவிடுதியாகக் காண்பது இன்றைய வழக்கத்தைப் பழம்பாட்டில் ஏற்றிப் பார்ப்பதாகும். விலையைச் சுட்டும் சொல் எதுவும் அங்கு இல்லை. பண்ணியம் என்பதற்குத் தின்பண்டம் என்றும் பொதுவாகப் பண்டம் என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. எனினும், கூவியர் விற்றவை அடையும் மோதகமுமே. பட்டினப்பாலை காட்டும் அட்டிற்சாலைகளிலும் சோறு அறத்தின் பாற்பட்டதே. ஆகவே பரமசிவனின் கூற்றை, 'உணவு விற்கப்படவில்லை' என்று விரித்தால் தவறாகும். 'சோறு' என்ற அளவில் நிறுத்தினால் இலக்கியச் சான்று அதற்கு இடந்தருகிறது. அவரை எடுத்தாள்வோர் பலர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

விசயநகரக் காலம் பற்றிய அவரது ஊகத்திற்குக் கல்வெட்டுகளில் துணை தேடலாம். அக்காலத் திருப்பதிக் கல்வெட்டுகள், கட்டளை வைத்தவர்க்குரிய பிரசாதப் பங்கை 'விட்டவன் விழுக்காடு' எனக் குறிக்கின்றன. அது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்கு. அப்பங்கு பிறர்க்கு மாற்றித்தரவும் விற்கவும் பட்டது. இறைவனுக்குப் படைத்த சோறே கைம்மாறும் உரிமைப் பொருளாகியபோது, சத்திரத்துச் சோற்றுக்கு விலை வைப்பதில் இருந்த கூச்சமும் குறைந்திருத்தல் கூடும். தமிழகக் கோயில்களின் அக்காலக் கல்வெட்டுகளில் இப்பங்கு எவ்வாறு கைம்மாறியது என்பதைத் தொகுத்து நோக்கிய பின்னரே அவரது காலவரையறையை ஏற்கவோ திருத்தவோ இயலும்.