கோர்ட் எரிந்தாலும் வரிக்கணக்கு எரியாது

1800-களில் அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டியில் (மாவட்டத்தில்) வாழ்ந்த ஒருவரின் குடும்பத்தைத் தேடுகிறேன். அங்கே கோர்ட்டே எரிந்துவிட்டதாமே?

வரி வசூலித்தவரைப் பிடியுங்கள். அவர் யாரையும் விடமாட்டார்!

உதாரணத்துக்கு, வெர்ஜீனியாவின் பக்கிங்ஹாம் கவுண்டியில் தாமஸ் ஜெஃபர்சன் வரைந்து கொடுத்த கோர்ட் கட்டடம் 1869-இல் தீக்கிரையானது. அங்கிருந்த உயில், கிரயப் பத்திரம் எல்லாம் பெரும்பாலும் சாம்பல். ஆனால் 1782 முதலே வரிப் பட்டியலின் பிரதி ஒன்று தலைநகர் ரிச்மண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது இன்றும் வெர்ஜீனியா மாநில நூலகத்தில் இருக்கிறது. பெயருக்கு எதிரே குதிரை எத்தனை, அடிமைகள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை (மனிதர்களையும் குதிரைகளையும் ஒரே வரிசையில் எழுதிய காலம்!). திடீரென மனைவி பெயரில் வரி வந்தால், கணவர் போய்ச் சேர்ந்திருப்பார்.

பிறப்பு, இறப்புக்கு 1853-இல் தொடங்கிய பதிவேடு. அதற்கும் மாநிலப் பிரதி உண்டு.

அடிமைகளாக இருந்தவர்களின் வழி வந்தவர் என்றால், 1870 சென்சஸிலிருந்து தொடங்குங்கள். விடுதலையானவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் சென்சஸ் அதுதான்.