பொருள் பேசும் நூல்களும் ஒரு துபாசியின் நாட்குறிப்பும்

நம் மாணவர்கள் எவ்வகை நூல்களை மிகுதியாக எடுத்துச் செல்கின்றனர் என்று நூலகரிடம் ஒருநாள் வினவினேன். செல்வராவது எப்படி, தலைவராவது எப்படி, பங்குச் சந்தையில் பொருளீட்டுவது எப்படி என்பன போன்ற நூல்களையே என்று அவர் விடை பகர்ந்தார். வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இவற்றை நாடுவதில் வியப்பில்லை. நெல்லும் கரும்பும் தந்த வருவாய் குடும்பத்திற்குப் போதாமற்போனதைத் தம் இல்லத்திலேயே கண்டவர்கள் அவர்கள். நான் வருந்துவது வேறொன்றற்கு. இந்நூல்கள் அயல்நாட்டிலிருந்து வந்த புதுப்பொருள் என்று அவர்கள் கருதுகின்றனர்.

தொண்டியில் 1922 ஆம் ஆண்டு பிறந்த எம். ஆர். எம். அப்துற் றஹீம் அவர்கள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இத்துறையில் தமிழில் முன்னோடியாக விளங்கினார். ‘வாழ்க்கையில் வெற்றி’, ‘முன்னேறுவது எப்படி?’, ‘கவலைப்படாதே’ முதலிய அவர்தம் நூல்கள் பல தலைமுறை இளைஞர்க்கு ஊன்றுகோலாயின. இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் தொகுத்த அதே கை, சோர்ந்திருந்த இளைஞனைத் தட்டியெழுப்பும் எளிய நடையையும் எழுதியது. சான்றோர் வாழ்வில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றைச் சொல்லி, அதனின்று கருத்தை விரிப்பது அவர் உத்தி. என் மாணவப் பருவத்தில் அவர் நூலைத் தலையணைக்கடியில் வைத்து உறங்கியவர்களுள் யானும் ஒருவன்.

எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இவ்வகை நூல்களில், அவை எம்மொழியினவாயினும், வென்றவரே பெரிதும் பேசுகின்றனர். கடன்பட்டவரும் முதலை இழந்தவரும் அரிதாகவே தலைகாட்டுகின்றனர். வள்ளுவர் அங்ஙனம் செய்திலர். வரும் ஊதியத்தைக் கருதிக் கையிலுள்ள முதலையும் இழக்கச் செய்யும் வினையை அறிவுடையார் மேற்கொள்ளார் என்று தெரிந்துசெயல்வகையில் எச்சரிக்கிறார். வருவாய் சிறிதாயினும் செலவு அதனினும் விரியாதிருப்பின் கேடில்லை என்னும் கருத்தை எங்கே வைத்தார் என்பது இன்னும் நோக்கத்தக்கது. பொருள் செயல்வகையில் அன்று. அரசனுக்குரிய வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். தன் வரவு செலவை அறியாதவன் தன் வலிமையை அறியாதவன் என்பது அவர் கொள்கை எனலாம். தலைமைப் பண்பும் குடும்பக் கணக்கும் இரு வேறு பாடங்கள் அல்ல என்பதை இவ்வைப்புமுறையே உணர்த்துகிறது.

இப்பாடத்தை ஒரு மனிதரின் வாழ்விலே காண விழைவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை தெருவில் நாள்தோறும் நடக்கும் மாணவருள் எத்தனை பேர் அப்பெயருக்குரியவரின் நாட்குறிப்பைத் திறந்து பார்த்திருப்பர்? 1709 இல் பிறந்த ஆனந்தரங்கப்பிள்ளை வணிகர். ஆனந்தப்புரவி என்னும் கப்பலுக்கு உரிமையாளர். 1746 இல் கனகராய முதலியார் மறைந்தபின், ஆளுநர் டூப்ளேயிடம் தலைமைத் துபாசியாக உயர்ந்தவர். 1736 ஆம் ஆண்டு செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 சனவரியில் தம் இறுதி நாள்களை எட்டும்வரை, இடையிடையே விட்டாலும், எழுதிவந்தார். கப்பல்கள் வந்தது, போனது, சரக்கின் நிலை, யார் யாருக்கு என்ன தரவேண்டும், ஆளுநர் சினந்தது, ஆளுநரின் மனைவியார் ஆட்சியில் தலையிட்டது என யாவும் அதில் உண்டு. நல்ல நேரம் பார்த்ததும் உண்டு, தற்புகழ்ச்சியும் உண்டு. நடையோ அன்றைய பேச்சுத் தமிழ். இலக்கணம் பிழைத்த ஏடு என்று நம் துறையினர் பலர் அதனை ஒதுக்கி வைத்தது பேரிழப்பேயாகும்.

வெற்றியை எழுதிய அதே மையால் அவர் தம் தாழ்வையும் எழுதினார். 1754 இல் டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டபின் பிள்ளையின் செல்வாக்குத் தேய்ந்தது. அவருடைய தலைவரின் கதை இதனினும் கொடியது. கர்நாடகப் போர்களில் டூப்ளே தம் சொந்தப் பொருளையும் வாரியிறைத்தார். வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சியர் கைக்கு வந்தது அக்காலத்தில்தான். செலவிட்ட பணத்தைக் கும்பினியாரிடம் கேட்டபோது அவர்கள் தர மறுத்தனர். வழக்காடியே நாள் கழித்து, 1763 இல் பாரிசில் வறுமையில் இறந்தார். தம் பணம் எது, பதவியின் பணம் எது என்னும் எல்லை கலந்துபோனால் பேரறிவாளனும் வீழ்வான் என்பதற்கு நம் மண்ணோடு தொடர்புடைய சான்று இது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதனைப் பற்றியது என்று வகுப்பில் கேட்பதுண்டு. தொழுகை என்பர், நோன்பு என்பர். அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனமாகிய அது, தவணைக் கடனை எழுதி வைப்பது பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கலாகாது என்றும், கடன்பட்டவனே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும், சாட்சிகள் வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

அதன் பொருளை யான் நூலில் கற்கவில்லை. என் தந்தையார் சிறிய மளிகைக்கடை வைத்திருந்தவர். அவர் மறைந்தபோது, சனாசாத் தொழுகைக்கு முன், வழக்கப்படி என் தமையனார் எழுந்து, மறைந்தவர் எவர்க்கேனும் தரவேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள் என்றார். பள்ளிவாசலில் ஓசையில்லை. மூன்றாம் நாள் இருவர் வந்தனர். பேரேட்டைப் புரட்டினோம். ஒருவர் சொன்ன தொகை அவ்வாறே இருந்தது. மற்றவர் சொன்னது ஏட்டில் இருந்ததைவிட இருநூறு ரூபாய் குறைவு. அவர் மறந்திருந்தார், தந்தையார் மறக்கவில்லை. அந்த இருநூறையும் சேர்த்தே கொடுத்தோம்.

சென்ற கல்வியாண்டில் பாகூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி தேர்வுக் கட்டணம் கட்ட இயலாமல் என் முன் நின்றாள். தாயார் ஏலச்சீட்டில் கட்டிவந்த பணத்தோடு சீட்டு நடத்தியவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். சீட்டுப் பதிவு செய்யப்பட்டதா, பற்றுச்சீட்டு உண்டா என்று கேட்டேன். பதிவு வேண்டும் என்று 1982 ஆம் ஆண்டின் சட்டம் கூறுவதை வீட்டில் எவரும் அறியார், பற்றுச்சீட்டும் இல்லை. கட்டணத்தை ஆசிரியர்கள் பகிர்ந்து கட்டினோம். அதன்பின், பிள்ளையின் நாட்குறிப்பை நடத்தும்போது, மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மாதத்திற்குத் தம் இல்லத்தின் வரவு செலவை எழுதிவர வேண்டும் என்று பயிற்சி வைத்தேன். அம்மாணவியின் ஏட்டில் முதல் வரி பேருந்துக் கட்டணம். ஆறாம் பக்கத்தில் வேறு கையெழுத்து. அவள் தாயார் எழுதியது. சீட்டுக்கு எந்த மாதம் எவ்வளவு கட்டினார் என்று நினைவிலிருந்து மீட்டு, மாதவாரியாக எழுதியிருந்தார்.