கம்ப்யூட்டரில் படம் திருத்த வீடியோ மெமரி எவ்வளவு வேண்டும்?

சரக்கைப் படம் எடுத்து அனுப்பி ஆர்டர் பிடிப்பது இன்று மொத்த வியாபாரத்தில் சாதாரணமாகிவிட்டது. படத்தின் பின்னணியை நீக்கி, வெளிச்சமும் நிறமும் சரிசெய்ய ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதை வாங்கப் போனால், "4 ஜிபி கார்டு போதாது, 8 ஜிபி போடுங்கள், வேலை பறக்கும்" என்பார்கள். நாமும் ஒருமுறை அந்தப் பேச்சை நம்பிக் கூடுதலாகப் பணம் கட்டினோம். வேகம் கூடவில்லை. காரணத்தை விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

கம்ப்யூட்டரை நம் கடையாக நினைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் என்பது கிடங்கு. ராம் என்பது முன்கடை. கிராபிக்ஸ் சிப் என்பது தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆள். அவர் முன்னால் உள்ள மேசைதான் வீடியோ மெமரி. மேசையில் சரக்கு கொள்ளாமல் போனால் அவர் அடிக்கடி எழுந்து போக வேண்டும், வேலை தாமதமாகும். மேசையில் இடம் மிச்சம் இருக்கும்போது இன்னும் பெரிய மேசை வாங்கிப் போட்டால் அவர் கை வேகமாகிவிடாது.

இனி கணக்கைப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் 72 எம்பி. உயர்தர 16 பிட் முறையில் 144 எம்பி. இப்படிப் பத்து அடுக்கு வைத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை ஜிபிதான். 4கே திரையைக் காட்டுவதற்கு 33 எம்பி அளவே பிடிக்கும். ஆகவே சரக்குப் படம் திருத்துவதற்கு 4 ஜிபி தாராளம்.

1990-களில் நிலைமை வேறு. 800க்கு 600 புள்ளித் திரையில் முழு நிறமும் தெரிய 14,40,000 பைட் வேண்டும். 1 எம்பி கார்டில் அது அடங்காது, 2 எம்பி போட்டே ஆகவேண்டும். அன்று மெமரி கூடினால் நிறம் கூடியது. போட்டோஷாப் கிராபிக்ஸ் சிப்பிடம் வேலை கொடுக்கத் தொடங்கியது 2008-இல் வந்த சிஎஸ்4 பதிப்பில்தான். அதன் பிறகும் பல வேலைகளைச் செய்வது பிராசஸரும் ராமும்தான். ராம் போதாவிட்டால் போட்டோஷாப் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும். நாம் காத்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அப்படியானால் வீடியோ மெமரி கூடுதலாக எங்கே உதவும்? லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த, படத்தின் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்கும் செயற்கை அறிவு வசதி போன்றவற்றுக்கும், 4கே வீடியோ வெட்டி ஒட்டுவதற்கும் உதவும். அங்கும் சிப்பின் திறமை முதலில், மேசையின் அளவு பிறகு.

அளவு ஒன்றாக இருந்தாலும் தரம் ஒன்றாக இராது என்பதையும் கவனிக்க வேண்டும். ஜிடி 1030 என்ற பெயரில் 2017-இல் வந்த 2 ஜிபி கார்டின் மெமரி நொடிக்கு 48 ஜிபி தகவலைக் கடத்தும். அதே பெயரில், அதே 2 ஜிபி என்று 2018-இல் வந்த இன்னொன்று 16.8 ஜிபிதான் கடத்தும். அட்டைப்பெட்டியில் ஜிபி எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர் ஏமாந்திருப்பார். மூட்டையின் எடையை மட்டும் பார்த்து, பிரித்துப் பார்க்காமல் சரக்கு எடுப்பது போலத்தான் இதுவும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமான படத்தைத் திறந்து வேலை செய்துகொண்டே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பாமன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி நிரம்பி வழிந்தால் ராம் கூட்டுங்கள், 16 ஜிபி நல்ல அளவு. டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால், அது பழைய ஹார்டு டிஸ்காக இருக்கும்பட்சத்தில் எஸ்எஸ்டி மாற்றுங்கள். கிராபிக்ஸ் மெமரி நிரம்பினால் மட்டுமே பெரிய கார்டைப் பற்றி யோசியுங்கள். தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் சிப் ராமிலிருந்தே பங்கு எடுத்துக்கொள்வதால், ராம் கூட்டினால் இரண்டுக்கும் பயன்.

எந்தச் சரக்கு தீர்ந்தது என்று பார்த்துத்தானே கொள்முதலுக்குப் போகிறோம்? கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான். மிச்சமாகும் பணத்தில் நல்ல விளக்கு இரண்டு வாங்கிப் படம் எடுங்கள். திருத்தும் வேலையே பாதி குறையும்.